ஏர் ரைபிள் மேகசின் இறுகிக்கொண்டால்: வீட்டிலேயே சரிசெய்ய முழு வழிகாட்டி

ஈயக் குண்டுகளை (பெல்லட்) அடுக்கி வைக்கும் மேகசின் துப்பாக்கிக்குள் போக மறுத்ததும் பெரும்பாலானவர்கள் கையில் எடுப்பது உப்புத்தாளைத்தான். அதைக் கடைசியாக எடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தேய்த்து எடுத்த பிளாஸ்டிக்கைத் திரும்ப ஒட்ட முடியாது. அதைவிட முக்கியம், இறுக்கத்துக்குக் காரணம் பல நேரங்களில் மேகசினிலேயே இருப்பதில்லை.

காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டு வளவில் (முற்றத்தில்) ஞாயிறு காலையில் நாலைந்து பேர் கூடி 10 மீட்டரில் காகித இலக்கை வைத்துச் சுடுவோம். புதிதாக வாங்கிய பையன்கள் "அண்ணே, உள்ளேயே போக மாட்டேங்குது, கொஞ்சம் ராவித் தாங்க" என்று மேகசினை நீட்டுவார்கள். அவர்கள் தடுக்கி விழுந்த இடங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து இந்த வரிசை உருவானது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

நான் பேசுவது 4.5 மி.மீ பெல்லட் போடும், அழுத்தக் காற்றில் இயங்கும் பிசிபி ரக ஏர் ரைபிள் பற்றி. சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டு, உரிமம் இல்லாமல் வாங்குகிறோமே, அந்த ரகம். பாயின்ட் டூ டூ ரிம்ஃபயர், அதாவது வெடிமருந்துத் தோட்டா போடும் ரைபிள், வைத்திருப்பவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி இருக்கிறது. அதைப் படிக்காமல் கையை வைக்க வேண்டாம்.

1. முதலில் துப்பாக்கியைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவாருங்கள்

மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிக ஆபத்தான தவறு. பெல்லட்டைத் தள்ளும் போல்ட்டை ஒருமுறை முன்னே தள்ளியிருந்தால் ஒரு பெல்லட் ஏற்கெனவே பேரலுக்குள் (குழலுக்குள்) போயிருக்கும். மேகசின் மேசையில் கிடந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

எனவே துப்பாக்கியின் வாயை மணல் மூட்டையைப் பார்த்து வையுங்கள். உள்ளே பெல்லட் இருக்கிறதோ என்று சின்னச் சந்தேகம் இருந்தால்கூட மணல் மூட்டையில் ஒரு சுடு சுட்டுவிடுங்கள். இன்னொன்று, போல்ட்டையோ லீவரையோ பின்னால் இழுத்தால் பெரும்பாலான ரகங்களில் துப்பாக்கி சுடத் தயாராகிவிடும். மேகசினைப் போட்டுப் பார்க்க நாம் போல்ட்டைப் பின்னால் இழுத்தே ஆக வேண்டும் என்பதால், இந்த வேலை முழுவதும் சேஃப்டி போட்டே இருக்கட்டும், விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியேயே இருக்கட்டும். வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் விளையாடும் நேரத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள்.

2. உள்ளே மாட்டிக்கொண்டு வர மறுத்தால்

இரண்டு காரணம்தான் பெரும்பாலும். ஒன்று, போல்ட் முழுதாகப் பின்னால் வரவில்லை. போல்ட்டின் முனை மேகசினுக்குள் நுழைந்துதான் பெல்லட்டைத் தள்ளுகிறது. அது அரை அங்குலம் முன்னால் நின்றாலும் மேகசினுக்கு ஆணி அடித்த மாதிரி ஆகிவிடும். "இறுகிப்போச்சு" என்று என்னிடம் வந்தவற்றில் சில, லீவரைக் கடைசிவரை இழுத்ததும் தானாக வெளியே வந்தன.

இரண்டாவது, ஒரு பெல்லட் பாதி மேகசினிலும் பாதி பேரலிலுமாக நிற்பது. ஈயம் மென்மையான உலோகம்தான், ஆனாலும் குறுக்கே நிற்கும்போது தாழ்ப்பாள் மாதிரி பிடிக்கும். அப்போது மேகசினைப் பிடித்து இழுக்காதீர்கள். போல்ட்டை மெதுவாக, முழுதாக முன்னே தள்ளி அந்தப் பெல்லட்டைப் பேரலுக்குள் அனுப்பிவிட்டு, பிறகு போல்ட்டை முழுதாகப் பின்னே இழுத்தால் மேகசின் வந்துவிடும். பேரலுக்குள் போன பெல்லட்டை மறக்காமல் மணல் மூட்டையில் சுட்டுக் காலி செய்யுங்கள். இதை விட்டுவிட்டு மேகசினை மறுபடி போட்டுப் போல்ட்டைத் தள்ளினால் இரண்டாவது பெல்லட்டும் உள்ளே ஏறும்.

போல்ட் முன்னேயும் போகாது பின்னேயும் வராது என்றால், கையேட்டில் சொன்னபடி காற்றை முழுதாக இறக்கிய பிறகுதான், சுத்தம் செய்யும் கம்பியை வாய்ப்பக்கமிருந்து விட்டுப் பெல்லட்டைப் பின்னே தள்ள வேண்டும். காற்று இருக்கும்போது வாய்க்கு நேரே கை போகக் கூடாது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவது எந்த நிலையிலும் வேண்டாம், மேகசின் மூடியும் உடையும், மேகசின் உட்காரும் குழியின் விளிம்பும் பிசிறு தட்டும்.

3. வேண்டிய சாமான்கள்

தொடங்கும் முன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் எழுந்து போனால் அந்தச் சின்ன ஸ்பிரிங் எங்கே போனது என்று தரை முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

வெர்னியர் காலிப்பர், டிஜிட்டல் என்றால் நல்லது. டூவீலர் மெக்கானிக் டேப்பட் வைக்கப் பயன்படுத்தும், மெல்லிய இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ். பெர்மனன்ட் மார்க்கர், கறுப்பு மேகசினாக இருந்தால் வெள்ளை மார்க்கர். சின்ன ஆலன் கீ, ஸ்க்ரூ டிரைவர். பழைய பல்துலக்கும் பிரஷ், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் தண்ணீர், பஞ்சுத் துணி. 600, 1000 நம்பர் வாட்டர் பேப்பர் (ஈரத்தோடு தேய்க்கும் உப்புத்தாள்), கூடவே உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவுக்கு ஒரு தடித்த கண்ணாடித் துண்டு. பென்சில் ஒன்று. எல்லாவற்றையும் வைக்க விளிம்புள்ள ஒரு தாம்பாளம், வெள்ளைத் துணி விரித்து.

வெளிச்சம் முக்கியம். பட்டாலையின் (கூடத்தின்) உள்பக்கம் உட்காராதீர்கள், வளவில் வானம் பார்த்த இடத்தின் ஓரமாக, காலை வெயில் நேரே படாமல் உட்கார்ந்தால் உரசல் கோடுகள் தெளிவாகத் தெரியும்.

4. நான்கு கேள்விகள்

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் இந்த நான்குக்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை பாதிப் பிரச்சினைக்கு இங்கேயே விடை தெரிந்துவிடும்.

ஒரே மேகசின்தான் இறுக்கமா, எல்லாமுமா? எல்லா மேகசினும் இறுக்கம் என்றால் குறை துப்பாக்கிப் பக்கம்தான், மேகசின்மேல் கை வைக்கவே வேண்டாம். உங்களிடம் ஒன்றே இருந்தால், அதே ரகம் வைத்திருக்கும் நண்பரிடம் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

காலியாக இருக்கும்போதும் இறுக்கமா, பெல்லட் போட்ட பிறகு மட்டுமா? பெல்லட் போட்ட பிறகு மட்டும் என்றால் பெல்லட் மேகசினின் முகத்தைவிட நீண்டு துருத்துகிறது என்று அர்த்தம். கனமான பெல்லட்டுகள் நீளமும் கூடுதலாக இருக்கும். சரியாக அழுத்தி உட்கார வைக்காமல் விட்டதும் காரணமாகலாம். பெல்லட்டை மாற்றிப் பாருங்கள், வேலை முடிந்தது.

ஆரம்பத்திலிருந்தே இறுக்கமா, கடைசி மில்லிமீட்டரில் மட்டுமா? வழி முழுக்க இறுகினால் தடிமன் பிரச்சினை. கடைசியில் மட்டும் என்றால் அடியில் ஏதோ தடுக்கிறது: அழுக்கு, நீண்ட ஸ்க்ரூ, அல்லது மேகசினைப் பிடித்து நிறுத்தும் சின்ன உருண்டையோ காந்தமோ.

வாங்கியதிலிருந்தே இப்படியா, இடையில் வந்ததா? இடையில் வந்தது என்றால் அதற்குச் சற்று முன் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். குறிபார்க்கும் ஸ்கோப்பை மாற்றினீர்களா, எண்ணெய் விட்டீர்களா, மேகசின் கீழே விழுந்ததா, வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்ததா?

5. ஸ்கோப் மவுன்ட்டைப் பாருங்கள்

இதைத் தனிப் பகுதியாக எழுதக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் என் மேகசின் ஒன்று திடீரென்று இறுகியது. நான் உட்கார்ந்து பொறுமையாகத் தேய்த்தேன், கொஞ்சம் தேறியது, இன்னும் தேய்த்தேன். பிறகு பெல்லட் ஒரு பக்கமாகச் சீவிக்கொண்டு போக ஆரம்பித்தது, இலக்கில் துளைகள் நெருங்கி விழும் குழுமம் கலைந்துவிட்டது. கடைசியில் பார்த்தால், முந்தின வாரம் மாற்றிய, ஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட்டின் ஸ்க்ரூ ஒன்று மேகசின் குழிக்குள் மயிரிழை அளவு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல மேகசின் வீணானது, குறையோ வேறெங்கோ இருந்தது. அந்த நாளிலிருந்துதான் தேய்ப்பதைக் கடைசிக்குத் தள்ளினேன்.

டார்ச் அடித்துக் குழியின் மேல்சுவரைப் பாருங்கள். விரல் நுனியால் தடவினால் கண்ணுக்குத் தெரியாத மேடும் தட்டுப்படும். ஸ்க்ரூ துருத்தினால் நீளம் குறைந்த ஸ்க்ரூ போடுங்கள், அல்லது மவுன்ட்டைச் சற்று முன்னே பின்னே நகர்த்துங்கள். பல ரகங்களில் மேகசினின் மேல்பகுதி ப்ரீச்சுக்கு (பேரலின் பின்னால், மேகசின் குழி இருக்கும் கூட்டுக்கு) மேலே எழும்பி நிற்கும், அங்கே தாழ்வான மவுன்ட் போட்டால் ஸ்கோப்பின் வயிறே மேகசினைத் தடுக்கும். அதற்கு உயரமான மவுன்ட்தான் மருந்து.

ஒரு எச்சரிக்கை. மவுன்ட் ஸ்க்ரூ தவிர ப்ரீச்சில் இருக்கும் வேறு எந்த ஸ்க்ரூவையும் காற்று இருக்கும்போது திருகாதீர்கள். எந்த ஸ்க்ரூ அழுத்தத்தைப் பிடித்து நிற்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

6. சுத்தம்

நம் ஊர்ச் செம்மண் தூசி மாவு மாதிரி நைசானது. அது எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்தால் குழியின் மூலைகளில் களிம்பாக இறுகிவிடும். காய்ந்த தூசியைப் பிரஷ்ஷால் தட்டிய பிறகு, மேகசினை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். பெல்லட் உட்காரும் சக்கரம் சுழலும் சுழல் மேகசினுக்குள் சின்ன ஸ்பிரிங் இருக்கிறது, ஈரம் நின்றால் துருப்பிடிக்கும், நன்றாக உலரும்வரை பொறுங்கள்.

பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய், நகப்பாலிஷ் அழிக்கும் திரவம் எதுவும் வேண்டாம். கண்ணாடி போலத் தெரியும் அந்த மூடி பிளாஸ்டிக்தான், இவை பட்டால் வெளுத்து மெல்லிய விரிசல் விழும்.

துப்பாக்கியின் குழிக்குள் தண்ணீர் விடக் கூடாது. பஞ்சுத் துணியைத் தீக்குச்சியில் சுற்றி மூலைகளைத் துடைத்து எடுங்கள். துப்பாக்கியின் வாய் மேலேயோ கீழேயோ பார்க்க வைத்துத் துடைத்தால் அழுக்கு பேரலுக்குள்ளும் காற்று வரும் துவாரத்துக்குள்ளும் விழும், துப்பாக்கியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

7. மேகசினின் சொந்த ஸ்க்ரூவும் ஓ-ரிங்கும்

சுழல் மேகசினின் நடுவில் இருக்கும் ஸ்க்ரூ தளர்ந்தால் மூடி கொஞ்சம் எழும்பும், அவ்வளவுதான், மொத்தத் தடிமனும் கூடிவிடும். அதை லேசாகத் திருகினாலே சில மேகசின்கள் சரியாகிவிடும். ஆனால் மிகையாகத் திருகினால் உள்ளே சக்கரம் சுழலாது. சக்கரம் தன் ஸ்பிரிங்கால் தடையில்லாமல் சுழல வேண்டும், மூடியும் ஆடக் கூடாது, அந்த இடத்தில் நிறுத்துங்கள்.

பெல்லட் கீழே விழாமல் பிடிக்கச் சில மேகசின்களில் ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சுற்றியிருக்கும். எண்ணெய் பட்டு ஊதியிருந்தாலோ, பள்ளத்தில் உட்காராமல் பிதுங்கியிருந்தாலோ அதுவே தடுக்கும். அதே அளவில் புதியது போடுங்கள். ஊதிய ஓ-ரிங்கைச் சீவிச் சரிசெய்யும் வேலை இரண்டு நாள்கூட நிற்காது.

8. அளந்து, மை தடவி, உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இவ்வளவும் பார்த்த பிறகும் இறுக்கம் இருந்தால்தான் மேகசினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாம். காலிப்பரால் தடிமனை நான்கு மூலைகளிலும் நடுவிலும் அளந்து எழுதுங்கள். நன்றாகப் போகும் மேகசின் ஒன்று இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள். அதுதான் உங்கள் அளவுகோல், இணையத்தில் யாரோ சொன்ன எண் இல்லை. இல்லாவிட்டால் ஃபீலர் கேஜ் தகடுகளைக் காலிப்பரின் உள்ளளவோடு சேர்த்துக் குழியின் அகலத்தைக் கண்டுகொள்ளுங்கள்.

நாம் பேசும் வித்தியாசம் எவ்வளவு சின்னது தெரியுமா? சாதாரண 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. பெரும்பாலும் அதில் பாதிதான் எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்து மார்க்கரால் மேகசினின் இரண்டு முகங்களிலும் விளிம்புகளிலும் முழுதாக மை பூசி உலர விடுங்கள். மெதுவாக ஒருமுறை உள்ளே விட்டு வெளியே எடுங்கள். மை அழிந்து பளபளக்கும் இடம்தான் உரசும் இடம். முகம் முழுவதும் அழிந்திருக்கும் என்று நினைப்போம், பார்த்தால் ஒரு மூலை மட்டும், அல்லது அச்சில் வார்த்தபோது பிளாஸ்டிக் புகுந்து நின்ற ஒரு சின்னக் கொப்புளம் மட்டும் அழிந்திருக்கும். கொப்புளம் என்றால் கூரான பிளேடை நிமிர்த்திப் பிடித்து இரண்டு முறை சுரண்டினால் போதும், தேய்க்கவே வேண்டாம்.

9. தேய்ப்பது

எதைத் தேய்க்கலாம், எதைத் தொடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேரலைப் பார்க்கும் முகமும் போல்ட்டைப் பார்க்கும் முகமும் தடிமனை மட்டும் தீர்மானிப்பவை, அவற்றைத் தேய்க்கலாம். மேகசின் எவ்வளவு ஆழம் இறங்குகிறது, எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று தீர்மானிக்கும் அடி விளிம்பு, பக்கக் காடி, நிறுத்தும் பள்ளம் ஆகியவற்றைத் தொடவே கூடாது. பெல்லட் துளை பேரலுக்கு நேராக நிற்பது அவற்றால்தான். அங்கே தாள் தடிமன் குறைந்தாலும் பெல்லட்டின் ஓரம் பேரல் விளிம்பில் சீவப்படும், என் மேகசினுக்கு நடந்தது அதுதான். துப்பாக்கியின் குழிச் சுவரை அரத்தால் ராவுவதும் கூடாது. உலோகத் துகள் காற்றுத் துவாரத்துக்குள் போனால் வால்வின் அடைப்பைக் கெடுக்கும்.

முகம் சமமாகத் தேய வேண்டுமானால் அடியில் இருப்பது சமமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் கண்ணாடி. ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பவர்கள் கண்ணாடித் தகட்டின் மேல்தானே வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள்? கல்லின் முகம் பளபளவென்று சமமாக வருவது கண்ணாடியால்தான். அதே கண்ணாடி நமக்கும் உதவும். கையில் தாளை மடித்துத் தேய்த்தால் ஓரங்கள் வட்டமாகும், நடு அப்படியே நிற்கும், எவ்வளவு தேய்த்தாலும் இறுக்கம் போகாது. இதைச் செய்யாத புதியவரை நான் பார்த்ததில்லை.

600 நம்பர் தாளைக் கண்ணாடியில் ஈரப்படுத்தி ஒட்டுங்கள். மேகசினில் சக்கரமும் ஸ்பிரிங்கும் கழற்றக்கூடியவை என்றால் கழற்றிவிட்டு வெறும் கூட்டை மட்டும் தேய்ப்பது நல்லது, கழற்றும் முன் ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது, எத்தனை சுற்று என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டைத் தாளின்மேல் வைத்து, அழுத்தாமல், அதன் எடையோடு விரலின் எடை மட்டும் சேர, எட்டு வடிவத்தில் ஐந்து சுற்று. ஒரே திசையில் இழுத்தால் நம் கை அழுத்தும் பக்கம் சரிந்து தேயும், அதனால்தான் எட்டு.

ஐந்து சுற்று முடிந்ததும் கழுவி, துடைத்து, அளந்து, மை பூசி, போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ஐந்து சுற்றுக்கும் இதே கதைதான். சலிப்பாக இருக்கும், ஆனால் ஐம்பது சுற்று ஒரே மூச்சில் தேய்த்தவர்கள் எல்லோரும் மேகசினைத் தளர்த்திக்கொண்டுதான் வந்தார்கள். கடைசி இழுபறி மட்டும் மிச்சம் என்ற நிலை வந்ததும் 1000 நம்பருக்கு மாறி மழுமழுப்பாக்குங்கள், சொரசொரப்பு போனாலே அந்தக் கடைசி இறுக்கமும் பெரும்பாலும் போய்விடும். மூடிப் பக்கத்தைத் தேய்த்து அது மங்கிவிட்டால் பற்பசையைத் துணியில் தொட்டுத் தேய்க்கலாம், ஓரளவு தெளியும்.

10. முப்பரிமாண அச்சில் எடுத்த மேகசின் என்றால்

இப்போது பலர் பிரின்டரில் எடுத்த மேகசின் வாங்குகிறார்கள். இவற்றில் முதல் அடுக்கு அச்சுப் படுக்கையில் அழுந்தி விளிம்பில் பிதுங்கி நிற்கும். சுற்றிலும் பிளேடால் மெல்லச் சுரண்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் எடுத்தது என்றால் 60 டிகிரி பக்கத்தில் இளகிவிடும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். ஒருமுறை வளைந்ததைத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. கண்ணாடியின்மேல் வைத்துப் பார்த்து ஆடினால் தூக்கிப் போட்டுவிட்டு, வேறு பிளாஸ்டிக்கில் எடுத்ததை வாங்குங்கள்.

11. வழவழப்புக்கு எதைத் தடவுவது, எப்படிச் சோதிப்பது

தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறையும், தூசியையும் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ் போன்ற பெட்ரோலிய வகைகள் அதைவிட மோசம்: உயர் அழுத்தக் காற்றோடு சேர்ந்தால் பற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. உரசும் முகத்தில் பென்சில் முனையை நன்றாகத் தேய்த்து, மிச்சத் தூளைத் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்தபடி வழுக்கும், தூசி ஒட்டாது.

சோதனையையும் படிப்படியாகத்தான் செய்ய வேண்டும். காலி மேகசினை இருபது முறை போட்டு எடுங்கள். சொந்த எடையில் விழுமளவு தளர்வு தேவையில்லை, கட்டைவிரலால் தள்ளினால் ஒரே சீராகப் போக வேண்டும். குலுக்கினால் ஆடக் கூடாது. பிறகு போல்ட்டை மெதுவாக முன்னே தள்ளிப் பாருங்கள், எங்காவது தட்டினால் துளை நேராக இல்லை. அடுத்து பெல்லட் போட்டுக் காகிதத்தில் பத்துச் சுடு, பழைய குழுமத்தோடு ஒப்பிட. குழிக்குள் ஈயச் சீவல் மினுங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். காகிதம், பின்னால் மணல் மூட்டை, அது மட்டுமே நம் இலக்கு. பறவைகள் பதறக் கூடாதென்று தீபாவளிக்கு வெடியே வெடிக்காத, பறவைகள் சரணாலயம் உள்ள வேட்டங்குடி இருக்கும் மாவட்டம் இது. கிளையில் உட்கார்ந்திருப்பதைக் குறிபார்ப்பது சட்டப்படியும் குற்றம், நான் அப்படிப்பட்டவர்களுக்கு மேகசின் பார்த்துத் தருவதும் இல்லை.

தேய்ப்பு கொஞ்சம் மிஞ்சிப் போய்த் தளர்ந்துவிட்டால், போல்ட்டைப் பார்க்கும் முகத்தில் துளையை மறைக்காமல் ஒரு பட்டை செல்லோடேப் ஒட்டுங்கள். தடிமன் கொஞ்சம்தான் கூடும், ஆனால் ஆட்டம் நின்றுவிடும்.

12. ரிம்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு

உரிமத்தோடு பாயின்ட் டூ டூ ரிம்ஃபயர் ரைபிள் வைத்திருப்பவர்கள் இங்கே சொன்னதில் நான்கு கேள்விகளையும், சுத்தத்தையும், மை பூசிப் பார்ப்பதையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பேரலின் பின்னால் தோட்டா உட்காரும் இடமும் மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு. தேய்ப்பது, வளைப்பது வேண்டாம். 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதையும் உரிமத்துக்குக் கீழே கொண்டுவருகிறது, பாகங்களும் அதில் சேரும். எங்கே உரசுகிறது என்று மைக் கறையோடு படம் எடுத்து, உரிமம் உள்ள ஆயுதக் கடைக்காரரிடம் கொடுத்தால் அவருக்கும் வேலை எளிது.

கொடுக்கும் முன் அவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மட்டும் இறுகுகிறதா என்பது ஒன்று: ஐப்பசி, கார்த்திகையில் துப்பாக்கியின் மரக்கட்டை ஈரம் குடித்து உப்பி மேகசின் கூட்டை நெருக்கும், அப்படியானால் மேகசினில் குறையே இல்லை. கட்டையைக் கழற்றி மாட்டிய பிறகு வந்ததா என்பது இரண்டாவது: அடி ஸ்க்ரூக்களை அளவுக்கு மீறி இறுக்கினால் கூடு மேலே ஏறிக் கோணலாகும். மூன்றாவது, மேகசின் கீழே விழுந்ததா என்பது. தோட்டாவைப் பிடிக்கும் மேல் உதடுகள் கொஞ்சம் வளைந்தாலும் இறுக்கமும் வரும், தோட்டா ஏறுவதும் கெடும். அந்த உதடுகளை மட்டும் வீட்டில் இடுக்கியால் நிமிர்த்திப் பார்க்காதீர்கள். தகடு இரண்டாம் முறை வளையும்போது எங்கே விரிசல் விடும் என்று கண்ணுக்குத் தெரியாது.